காறை எலும்புக்கடியில் ஒரு சந்து

(திருப்பூரில் நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஓர் இயன்முறை மருத்துவர் ஆற்றிய உரை)



பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. உங்கள் வலது கை விரல்களைக் கொண்டுபோய் இடது பக்கத்துக் காறை எலும்பின் மேல் வையுங்கள். தொண்டைக்குழியில் ஆரம்பித்துத் தோள் வரைக்கும் ஓடுகிறதே, அதுதான். காறை என்பது நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த நகை. அந்த நகை படிந்து கிடக்கும் எலும்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதற்கு மேலே, கழுத்தோரமாக ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? மெல்லத் தொடுங்கள், அழுத்தாதீர்கள். உங்கள் கை சோறு அள்ளுவதும், ஊசியில் நூல் கோப்பதும், பிள்ளையைத் தூக்குவதும் அந்தப் பள்ளத்துக்கு அடியில் ஓடும் சில கம்பிகளையும் இரண்டு குழாய்களையும் நம்பித்தான் நடக்கின்றன. அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அங்கே நெருக்கடி வந்தால் என்ன ஆகும், ஏன் வருகிறது, கத்தி எடுக்காமல் அதை எப்படித் தீர்க்கலாம் என்பதுதான் என் பேச்சு.

டாக்டர்கள் இதைத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மார்புக்கூட்டின் மேல்வாயிலில் ஏற்படும் நெருக்கடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் எளிதாகச் சொல்கிறேன்: காறை எலும்புக்கடியில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து குறுகிப் போகிறது. அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சந்துகளை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சுவர். எதிரே ஒரு வண்டி வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கழுத்தடிச் சந்தும் அப்படித்தான். முன்சுவர் ஒரு தசை, பின்சுவர் ஒரு தசை. இரண்டுக்கும் ஸ்கேலின் தசைகள் என்று பெயர். கழுத்தெலும்பின் பக்கவாட்டிலிருந்து இறங்கி வந்து முதல் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த முதல் விலாதான் சந்தின் தரை. இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே, கழுத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிணைந்து இறங்குகின்றன. கூடவே கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் போகிறது. கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை மட்டும் முன்சுவருக்கு வெளியே நடக்கிறது. கொஞ்ச தூரம் போனால் மூன்றும் ஒன்றுசேர்ந்து காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே நுழைகின்றன. இன்னும் கொஞ்சம் போனால் மார்பின் மேல்பக்கத்தில் ஒரு சின்னத் தசைக்கு அடியில் புகுந்து அக்குளுக்கு வருகின்றன. ஆக, ஒரே பாதையில் மூன்று இடங்களில் நெருக்கடி வரலாம்.

இந்தச் சந்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஊர்ச் சந்தின் சுவர் நகராது. இந்தச் சந்தின் கூரையே நகரும். நீங்கள் கையை மேலே தூக்கும்போது காறை எலும்பு திரும்பி, பின்னால் சாய்ந்து, விலாவை நெருங்கி வருகிறது. நல்ல உடம்பில் அதற்கு இடம் போதும். இடம் போதாத உடம்பில் கையைத் தூக்கிய மாத்திரத்தில் விரல் மரத்துப் போகிறது.

கையைத் தூக்கும்போது என்றேனே, அந்த 'போது' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதையே சுற்றிச் சுற்றி வரும்.

பல வருடங்களுக்கு முன்பு, நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் அக்கா என்னிடம் வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மதமதவென்று இருக்கின்றன, கழுத்தோரம் குடைகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறு உதறு என்று உதறுகிறேன் என்றார். அதற்கு முன்பு எத்தனை இடத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார் தெரியுமா? ஓர் இடத்தில் நரம்பு ஊசி போட்டார்கள். ஓர் இடத்தில் கழுத்துக்குப் பட்டை மாட்டினார்கள். ஓரிடத்தில் சுளுக்கு என்று எண்ணெய் விட்டு இழுத்தார்கள். வீட்டில் மாமியார், வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு என்றார். ஒரு டாக்டர், மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டார்.

நான் மட்டும் என்ன செய்தேன்? கழுத்தெலும்புத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பத்து நாள் அவர் கழுத்தில் எடை கட்டி இழுத்தேன். பதினோராம் நாள், படுக்கையிலிருந்து எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே அவர் மெல்லச் சொன்னார்: "டாக்டரம்மா, நீங்க இழுக்கறப்ப விரலு இன்னும் சாஸ்தியா மரத்துப் போவுதுங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு சொல்லாமயே இருந்தேனுங்க."

அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று பத்து நாளும் கேட்டிருக்கிறேன். எப்போது வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அன்றுதான் கேட்டேன். மடைதிறந்த மாதிரி சொன்னார். கொடியில் துணி காயப்போடும்போது. மகளுக்குத் தலைபின்னி முடித்துத் தன் தலையை வாரிக் கொண்டை போடும்போது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்த அன்று ராத்திரி முழுக்க. மெஷினுக்கு மேலே இருக்கும் ஸ்டாண்டில் நூல்கோன் மாற்றும்போது. கையைத் தொங்கப்போட்டு இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்த பிறகு.

கேட்டீர்களா? ஒவ்வொன்றிலும் ஒரு 'போது'. கை மேலே போனால் வருகிறது, இல்லை தோள் கீழே இழுபட்டால் வருகிறது. கழுத்துத் தேய்மானம் இப்படிப் பேசாது. அது கழுத்தைத் திருப்பும்போது, அண்ணாந்து பார்க்கும்போதுதான் பேசும். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் இவைதான் பெரும்பாலும் மரக்கும். முழங்கையில் நெரிபட்டாலும் சுண்டுவிரல் மரக்கும்தான், ஆனால் அது முழங்கையை மடக்கி வைத்திருக்கும்போது வரும், கழுத்தோரக் குடைச்சல் இருக்காது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு 'போது' உண்டு. அதைச் சொல்லத் தெரிந்தவர் நோயாளி ஒருவர்தான். நாம் கேட்க வேண்டும். கேட்டால் போதாது, நம்பவும் வேண்டும்.

நம்பாமல் போனால் என்ன ஆகும்? அதற்குக் கடல்கடந்த ஒரு கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் ஜே. ஆர். ரிச்சர்ட் என்று ஒரு பந்து வீச்சாளர். ஆறடி எட்டங்குல உயரம். 1979ஆம் ஆண்டு ஒரே சீசனில் 313 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், அதாவது மட்டையாளரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றியவர். அப்படிப்பட்டவர் 1980ஆம் ஆண்டு, கை செத்த மாதிரி இருக்கிறது, விரல்களில் உணர்வில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். ஆட்டத்தின் நடுவே இறங்கிப் போனார். யார் நம்பினார்கள்? இவ்வளவு பெரிய உடம்புக்கு என்ன கேடு, சோம்பேறித்தனம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பரிசோதனை நடந்தது. வலது கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருப்பதும் தெரியவந்தது. ஆனால் உடனடி ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1980 ஜூலை 30ஆம் தேதி, மைதானத்தில் பயிற்சிக்காகப் பந்து எறிந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். அவருக்கு அப்போது முப்பது வயது. பிறகு தீர விசாரித்தபோதுதான், தோளைத் தூக்கித் தூக்கிப் பந்து எறிந்ததில் இந்தச் சந்தில் தமனி நசுங்கிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அவர் மறுபடி பெரிய ஆட்டம் எதிலும் ஆடவில்லை. பின்னாளில் எல்லாவற்றையும் இழந்து, ஹூஸ்டனில் ஒரு பாலத்தடியில் படுத்துக் கிடந்தார்.

பெரிய அணி, பெரிய பணம், பெரிய டாக்டர்கள் சூழ இருந்தவருக்கே இந்தக் கதி. அப்படியென்றால் ஓவர்லாக் அக்கா சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரிச்சர்டுக்கு வந்தது அபூர்வமான வகை. இந்த நோய் மூன்று வகைப்படும். தமனி நசுங்குவது நூற்றில் ஒருவருக்குத்தான். சிரை நசுங்குவது நூற்றில் ஒரு சிலருக்கு. மீதி அத்தனை பேருக்கும், அதாவது நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்புதான் நெரிபடுகிறது. அந்தப் பெருங்கூட்டத்தில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. இதை அழுத்திச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

சரி, சந்து ஏன் குறுகுகிறது?

சிலருக்குப் பிறவியிலேயே இடம் குறைவு. கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து ஒரு கூடுதல் விலா முளைத்திருக்கும். கழுத்து விலா என்று பெயர். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இது இருக்கும். எலும்பாக இல்லாமல் வெறும் நாராகவும் இருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கழுத்து விலா உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் அதைப் பார்த்ததும், ஐயோ எனக்கு ஒரு எலும்பு அதிகம் என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. சந்து பிறவியில் குறுகலாக இருப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நாம் எழுதுகிறோம்.

சிலருக்கு அடி. பைக்கில் போகும்போது பின்னால் வந்து வண்டி இடித்து, கழுத்து சட்டென்று முன்னும் பின்னும் வெட்டி இழுபடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கழுத்தோரத் தசை உள்ளுக்குள் காயம்பட்டு, ஆறும்போது இறுகி, தடித்து, சில வாரமோ சில மாதமோ கழித்து விரலில் வந்து சொல்லும். காறை எலும்பு முறிந்து கோணலாகக் கூடினாலும் இப்படி ஆகும்.

அப்புறம் வேலை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த அரங்கமே வேலையால் நிறைந்திருக்கிறது.

மெஷின்முன் உட்காரும் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு வளைந்திருக்கும். தோள் இரண்டும் முன்னுக்கு உருண்டு வந்திருக்கும். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், வருடக்கணக்கில். தோள்பட்டை எலும்பை முதுகுப் பக்கமாகப் பிடித்து நிறுத்த வேண்டிய தசைகள் சோர்ந்து போகின்றன. தோள் தொங்குகிறது. தோள் தொங்கினால் காறை எலும்பும் தொங்குகிறது. கூரை இறங்குகிறது. மார்பின் முன்பக்கத்துச் சின்னத் தசை சுருங்கியே கிடந்து சுருக்கத்துக்குப் பழகிவிடுகிறது. கழுத்தோரத் தசைகளோ தலையின் பாரத்தைத் தாங்கித் தாங்கிக் கல்லாகிப் போகின்றன. சுவரும் தடித்துவிட்டது, கூரையும் இறங்கிவிட்டது. நரம்பு எங்கே போகும்?

டெய்லருக்கு மட்டுமா? கைதூக்கி வேலைசெய்யும் பெயிண்டர், சீலிங்கில் ஒயர் இழுக்கும் எலெக்ட்ரீஷியன், முடிவெட்டுகிற அண்ணன், கழுத்தும் தோளும் கோணி வயலின் வாசிப்பவர், நீச்சல் வீரர், நாளெல்லாம் கீபோர்டு தட்டுகிற பிள்ளைகள், ஒரே தோளில் கனத்த பையைத் தொங்கவிடுகிறவர்கள் எல்லோருக்கும் இது வரலாம். தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன், கூச்சப்படாதீர்கள். உள்ளாடையின் மெல்லிய தோள்பட்டி தோளில் பள்ளம் விழுகிற அளவு அழுத்தினால், அதுவும் நாள் முழுக்கத் தோளைக் கீழே இழுக்கும் ஒரு பாரம்தான். பட்டியை அகலமாக்குங்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மூச்சு. ஸ்கேலின் தசைக்கு இன்னொரு வேலை உண்டு. நாம் மூச்சை இழுக்கும்போது முதல் விலாவை மேலே தூக்குவது. வயிறு விரிய மூச்சு விடுகிறவருக்கு அந்த வேலை லேசானது. பதற்றத்தில் இருப்பவர், ஆஸ்துமாக்காரர், டார்கெட் முடிக்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தைப்பவர் எல்லாம் நெஞ்சை மேலே மேலே தூக்கி மூச்சு விடுவார்கள். நம் சித்தர் மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு. நிமிடத்துக்குப் பதினைந்து என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். 21,600 தடவையும் கழுத்துத் தசையைக் கொண்டு விலாவைத் தூக்கினால் அந்தத் தசை என்ன பாடுபடும்! ஒவ்வொரு மூச்சிலும் சந்தின் தரை மேலே எழும்புகிறது.

சரி, இந்த நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரே ஒரு பரிசோதனையால் முடியாது. தலையைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நாடி மறைகிறதா என்று பார்ப்போம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே அது மறைவதுண்டு, அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு கையையும் சரணடைகிறவர் மாதிரி தூக்கி வைத்து, மூன்று நிமிடம் விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்வோம். சந்து குறுகியவர் பலருக்கு ஒரு நிமிடத்துக்குள் கை கனத்துத் தானாக இறங்கிவிடும். கழுத்து விலா இருக்கிறதா என்று எக்ஸ்ரே. ரத்தக்குழாயில் சந்தேகம் இருந்தால் டாப்ளர் ஸ்கேன். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை பலருக்கு நார்மல் என்றே வரும். நார்மல் என்று வந்துவிட்டால் நோயே இல்லை என்று பொருளில்லை. இதெல்லாம் சேர்ந்தும், நோயாளி சொல்லும் 'போது'தான் முதல் சாட்சி. இடது கை என்றால் இருதயத்தையும் பார்த்துவிட வேண்டும். அதில் சமரசமே கூடாது.

இப்போது வைத்தியத்துக்கு வருகிறேன். கொஞ்சம் சரித்திரம் சொல்லட்டுமா?

1861இல் லண்டனில் ஹோம்ஸ் கூட் என்ற அறுவை மருத்துவர் ஒரு கழுத்து விலாவை வெட்டி எடுத்தார். 1910இல் ஆஸ்திரேலியாவில் மர்ஃபி என்பவர், கூடுதல் விலா இல்லாத நோயாளிக்கு எல்லோருக்கும் இருக்கிற முதல் விலாவையே எடுத்தார். 1927இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆட்சனும் காஃபியும், விலாவைத் தொடாமல் முன்சுவர்த் தசையை வெட்டினால் போதும் என்றார்கள். இப்படிக் கத்தியின் சரித்திரமாகவே போய்க்கொண்டிருந்தது. 1956இல் அதே மேயோ கிளினிக்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பீட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது. இன்று உலகமெல்லாம் வழங்கும் 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்ற பெயரை இந்த நோய்க்குச் சூட்டியது அந்தக் கட்டுரைதான். அது எதைப் பற்றிய கட்டுரை? புதிய அறுவையா? புதிய மருந்தா? இல்லை. உடற்பயிற்சியால் இந்த நோயாளிகள் எப்படித் தேறுகிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை! நோய்க்குப் பெயர் வைத்த கட்டுரையே பயிற்சிக் கட்டுரை. இதைப் படித்த அன்று என் தொழிலை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஓவர்லாக் அக்காவுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன், அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

முதலில் கழுத்தை இழுப்பதை நிறுத்தினேன். இரண்டு வாரத்துக்கு எந்தப் பலப்படுத்தும் பயிற்சியும் கிடையாது. எரிந்துகொண்டிருக்கிற நரம்பைப் போட்டு வேலை வாங்கினால் இன்னும் எரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை சில நாள், வெந்நீர் ஒத்தடம், மற்றபடி ஓய்வு. ஓய்வென்றால் வேலைக்குப் போகாதே என்பதா? பீஸ் ரேட்டில் வாழ்கிறவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நரம்புக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். எப்படி? ராத்திரி கையைத் தலைக்கடியில் மடித்து வைத்துத் தூங்குவார். அதை விடச் சொன்னேன். மல்லாந்தோ, வலியில்லாத பக்கமாக ஒருக்களித்தோ படுத்து, வலிக்கிற கையைத் தாங்க ஒரு தலையணை கொடுக்கச் சொன்னேன். கொடியை ஓர் அடி இறக்கிக் கட்டச் சொன்னேன். ஒரே தடவையில் இரண்டு குடம் வேண்டாம், ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்து எடுங்கள் என்றேன். டிவி பார்க்கும்போதும் போன் பார்க்கும்போதும் மடியில் தலையணை வைத்து முன்கையை அதன்மேல் வைக்கச் சொன்னேன். தோளில் தொங்கும் கையின் பாரம் குறைந்தால் கூரை கொஞ்சம் உயரும். நாலாம் நாளே ராத்திரி கையை உதறுவது குறைந்துவிட்டது.

அடுத்தது மூச்சு. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, வயிற்றின்மேல் அரைக்கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றை வைத்தேன். ஒரு கை நெஞ்சில். மூச்சை இழுக்கும்போது பொட்டலம் எழும்ப வேண்டும், நெஞ்சில் வைத்த கை அசையக் கூடாது. முதல் நாள் அவருக்குப் பொட்டலம் அசையவே இல்லை, நெஞ்சுதான் ஏறி இறங்கியது. கழுத்தோரத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது என் கண்ணுக்கே தெரிந்தது. ஐந்து நிமிடம், காலையும் இரவும். ஒரு வாரம் கழித்துப் பொட்டலம் எழும்பி இறங்கியது. அந்தக் கயிறு தளர்ந்துவிட்டது. "டாக்டரம்மா, கழுத்துல இருந்து யாரோ கையை எடுத்தாப்புல இருக்குதுங்க" என்றார்.

மூன்றாவதுதான் நீட்டலும் பலப்படுத்தலும். நிலைவாசலில் நின்று, கையைத் தோளுக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிலையில் வைத்து, மெல்ல ஓர் எட்டு முன்னால் வந்தால் மார்பின் முன்தசை இழுபடும். கையை மேலே தூக்கி வைத்துச் செய்யக் கூடாது, அது சந்தை அடைக்கும். கழுத்தோரத் தசைக்கு, தலையை மறுபக்கம் மெல்லச் சாய்த்து இருபது எண்ணுவது. விரல் மரக்க ஆரம்பித்தால் அதோடு நிறுத்த வேண்டும். பிறகு தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னாலும் கீழாகவும் கொண்டுவந்து நிறுத்தும் பயிற்சி. சிப்பாய் மாதிரி விறைப்பாக இல்லை, மெல்ல, அடக்கமாக. தாடையை லேசாக உள்ளே இழுத்துத் தலையைத் தோளுக்கு நேர்மேலே கொண்டுவருவது. எடை தூக்குவது வெகுநாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு.

மாதம் எத்தனை ஆனது என்று கேட்பீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தார். ஆறு மாதத்தில் தேறினார். இந்த வைத்தியத்துக்குப் பொறுமைதான் விலை. மூன்று வாரம் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சுருங்கிக் கிடக்கும் தசைக்கு அது சுருங்கிய வருடங்களை மறக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைச் சடக்கென்று நெட்டி முறிப்பார்களே, அதை அடியோடு மறுத்துவிடுங்கள். காறை எலும்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் கட்டைவிரல் போட்டு அழுத்திச் சுளுக்கு எடுக்க விடாதீர்கள். அங்கே இருப்பது சுளுக்கல்ல, நரம்பும் தமனியும். யூடியூபில் பார்த்துவிட்டு, நரம்பை நீட்டுகிறேன் என்று கையைப் பின்னால் முறுக்கி இழுக்காதீர்கள். அதற்கொரு மென்மையான முறை உண்டு, பக்கத்தில் இருந்து பார்ப்பவர் சொல்லித்தர வேண்டும்.

இப்போது மிக முக்கியமான இடம். என் பயிற்சியை நம்பிக் காத்திருக்கவே கூடாத நிலைமைகள் உண்டு. கை திடீரென்று வீங்கி, நீலம் பாரித்து, கனத்துப் போனால் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். 1875இல் லண்டனில் பேஜெட்டும் 1884இல் வியன்னாவில் ஷ்ரோட்டரும் விவரித்த நிலை இது. ஜிம்மில் கடுமையாக எடை தூக்கிய இளைஞனுக்கு மறுநாளே வரலாம். கை வெளுத்து, சில்லிட்டு, விரல் நுனியில் புண் வந்தால் தமனி. ரிச்சர்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூன்றாவது, பெருவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு கரைந்து குழிவிழ ஆரம்பித்தால், சட்டைப் பித்தான் போட முடியாமல் விரல் பலம் குறைந்தால், நரம்பு வெகுநாளாக நெரிபட்டிருக்கிறது. அறுவை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வாழ்க்கையே முடங்கிக் கிடக்கிறவர்களுக்கும் அறுவை உண்டு, அதில் பலனும் உண்டு. கத்தியை நான் வெறுப்பவளில்லை. அது வரிசையில் தன் இடத்தில் நிற்க வேண்டும் என்கிறேன்.

கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஸ்டூலின் உயரம் ஆளுக்கு ஏற்ற மாதிரி ஏறி இறங்கட்டும். நூல்கோன் ஸ்டாண்டு தலைக்கு மேலே இருக்க வேண்டுமா, கண்ணுக்கு நேரே வைக்க முடியாதா? மணிக்கொரு தரம் இரண்டு நிமிடம் எழுந்து தோளை உருட்டிவிட்டு உட்கார்ந்தால் எத்தனை பீஸ் குறைந்துவிடும்? உங்கள் சரக்குக் கப்பலேறிப் போகிறதே, அதில் ஓடும் ஒவ்வொரு தையலும் இந்தச் சந்து வழியாக வந்த பலத்தால் போட்டது. ஓய்வெடு என்று தொழிலாளியிடம் சொல்வது எங்களுக்கு எளிது, அவருக்குக் கஷ்டம். உயரத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

அந்த அக்கா இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் என் கிளினிக் வாசலில் வந்து நின்றார். தனியாக வரவில்லை. கூட இருபது வயசுப் பெண் ஒருத்தி. பக்கத்து மெஷினாம். "இந்தப் புள்ளைக்கு சுண்டுவெரலு மரக்குதுங்க. நானே எல்லாம் கேட்டுட்டேனுங்க. எப்பப்ப வருதுன்னு சீட்டுல எழுதியாந்திருக்கா, பாருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். பழைய ஆர்டர் ஷீட்டின் பின்பக்கம். பென்சில் எழுத்து. தலை சீவும்போது. பஸ்ஸில் நிற்கும்போது. கோன் மாத்தும்போது. தேதிகூடப் போட்டிருந்தது.

என் வலப்பக்கம் பாய் விரித்து வைத்திருக்கிறேன், அரிசிப் பொட்டலமும் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியைப் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலைந்ததும் வாருங்கள். விரல் மரக்கிறவர்கள் வரும்போது, எப்போது மரக்கிறது என்பதை யோசித்துக்கொண்டே வாருங்கள். நான் கேட்கக் காத்திருக்கிறேன்.